கட்டடம் இல்லாத பேங்க்

“வீடு வாசல் தெரியாது, ஆள் முகம் தெரியாது. எதை நம்பிக் கொடுக்கிறது?” என்றார் சூப்பிரண்டு.

கேட்பவர்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவருக்குப் பெண்ணே கிடையாது. மகன் சொன்ன ஆன்லைன் பேங்குக்குத் தன் கணக்கை மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக வீட்டைப் படுத்திக்கொண்டிருந்தார்.

நினைத்தபோது பணத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கிடக்கிற நாட்களுக்குக் கூடுதல் வட்டியும் உண்டு என்று சொல்லிவிட்டு மகன் வேலையாக வெளியூர் போய்விட்டான். அவன் தப்பித்தான். அதன் பிறகு முடி வெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், கூட நடைக்கு வருகிறவர் என்று ஒருவரையும் விடாமல் யோசனை கேட்டார். சொன்னவர்களையெல்லாம் விவரம் போதாது என்று தள்ளிவிட்டார்.

சூப்பிரண்டு என்பது தொழிற்சாலை ஸ்டோரில் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெறும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் பட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் பணமோ, மாதாமாதம் ரொக்கமாக வரும் வீட்டு முன்பக்கக் கடை வாடகையோடு சேர்ந்து, தெருமுனை பேங்கில் பேருக்கு ஒரு வட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே பாஸ்புக் பதியும் மெஷின் என்றைக்கும் ரிப்பேர், பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆனால் வாட்ச்மேன் இவரைக் கண்டால் எழுந்து நின்று சலாம் வைப்பான். அந்தச் சலாமை விட்டுவர இவருக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அன்று காலை இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்தே சொன்னார். கட்டடம் இல்லாத பேங்க் பேங்கே இல்லை. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மருமகள் பார்ப்பது வேலையே இல்லை. வேலை என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், மேலே ஒருத்தர் இருந்து அதட்ட வேண்டும். அதனால் இந்த வாரத்தோடு அவள் அதை விட்டுவிட வேண்டும்.

எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மருமகளோடு நேருக்கு நேர் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று ஒரு எண்ணம். கல்யாணம் ஆனதிலிருந்து எல்லாம் மனைவி வழியாகத்தான். மருமகளுக்கோ அந்த வேலை உயிர். தீர்ப்பைக் கேட்டு மாமியாரிடம் அழுதுவிட்டுத்தான் மாடியேறினாள்.

“மருமக விஷயம் அப்புறம் இருக்கட்டும். பேங்க்ல ஒரு தடவை பேசியாவது பாருங்களேன்” என்றாள் மனைவி. நம்பரைத் தானே அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள்.

ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றது.

“நல்லாப் பதிவு பண்ணுங்க. கேள்வி எப்படிக் கேக்கணும்னு நாலு பேர் கத்துக்கட்டும்” என்றார் சூப்பிரண்டு.

சரக்கு இறக்க வந்த லாரிக்காரனைக் குடைவது போலக் குடைந்தார். கட்டடமே இல்லாதவன் எங்கிருந்து வட்டி கொடுப்பான் என்றார். கட்டட வாடகை மிச்சமாவதால்தான் கொடுக்க முடிகிறது என்றது குரல். மாதத்தில் சில தடவை கார்டில் பொருள் வாங்கினால்தான் முழு வட்டி, இல்லாவிட்டால் குறைந்துவிடும் என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னது. பணம் மாட்டிக்கொண்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்றார். சிரிக்காமல் அதற்கும் பதில் வந்தது. கடைசியில், ரொக்கம் கட்ட என்ன வழி என்று மடக்கினார்.

“அதுக்கு வழியில்ல சார். முன்பக்கக் கடை வாடகை ரொக்கமா வருதில்ல, அதுக்காகப் பழைய கணக்கை மூடிடாதீங்க. மிச்சத்தை மட்டும் இங்க மாத்துங்க.”

சூப்பிரண்டு அசந்துபோனார். தெருமுனை பேங்கில் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவருக்காக இப்படி யோசித்துச் சொன்னதில்லை. திங்கட்கிழமை உன்னிடமே பேசிக் கணக்கைத் தொடங்குகிறேன் அம்மா என்று குழைந்தார்.

“திங்கட்கிழமை நான் இருப்பேனான்னு தெரியல சார். வேலையை விடச் சொல்லிட்டாங்க.”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. பேங்கில் எவனோ ஒரு விவரங்கெட்ட மேலதிகாரி என்று முடிவு கட்டிவிட்டார். மற்றதற்கெல்லாம் மாதக்கணக்கில் இழுப்பவர், அடுத்தவனை முட்டாள் என்று முடிவு செய்ய மட்டும் நேரம் எடுப்பதில்லை.

“உன்னை மாதிரி ஆளை விடச் சொன்னவன் வடிகட்டின முட்டாள். எவன் சொன்னாலும் வேலையை விடாதே. நான் சொன்னேன்னு சொல்லு. இதுவும் பதிவாகட்டும்.”

ரொம்ப நன்றி சார் என்றது குரல்.

ஒரு அபலைப் பெண்ணுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்ட மிதப்பில் போனை வைத்தார் சூப்பிரண்டு. அந்தப் பெண்ணின் பொறுமை என்ன, நிதானம் என்ன என்று மனைவிக்கு ஒரு பிரசங்கமே நடந்தது. மனைவி பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேலைன்னா அது வேலை. உன் மருமகளும் இருக்காளே. ராஜினாமாவை இன்னிக்கே எழுதிடணும்னு அவகிட்ட சொல்லிடு.”

மனைவி சொல்லத் தேவையிருக்கவில்லை. மருமகள் மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். மாமியார் பக்கம் போகாமல், முதல் தடவையாக அவர் எதிரிலேயே வந்து நின்று வாய் திறந்தாள்.

“நீங்க சொன்னது பதிவாயிருக்கு சார்.”