பொட்டு வைத்த பாக்கெட்டுகள்

சுலோச்சனாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து கடைக்குப் போவது தணிகாசலத்தின் வேலையானது. பாக்கெட்டில் சர்க்கரை அளவைக் காட்டும் வட்டம் சிவப்பாக இருந்தால் அவள் தொடவே கூடாது, பச்சையாக இருந்தால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தணிகாசலத்தின் கண்ணுக்கு இரண்டுமே ஒரே சேற்று நிறம். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடமே மறைத்துவந்ததைக் கடைக்காரனிடமா சொல்வார்? வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் குருட்டாம்போக்கில் எடுத்து வருவார்.

"எல்லாம் பச்சைதான். நல்லா பாத்துதான் எடுத்தேன்."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொள்பவள், சில பாக்கெட்டுகளில் மட்டும் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைப்பாள். "பொட்டு வெச்சது உங்களுக்கு, வெக்காதது எனக்கு. மாறிப்போகுதுல்ல."

சாயங்காலம் அவளுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பது அவர்தான். கட்டைவிரலால் தடவி, பொட்டு இல்லாத பாக்கெட்டாகப் பார்த்துப் பிரிப்பார்.

அன்று அவள் நெற்றி வெறுமையாக இருந்தது.

"பொட்டு எங்க?"

"தீந்துபோச்சு. கடைசியா இருந்ததை ரஸ்க் பாக்கெட்டுல ஒட்டிட்டேன்."

அலமாரியைத் திறந்தார். அவர் வாங்கிவந்ததில் முக்கால்வாசி பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், ஒரு பொட்டு அட்டையோடு திரும்பி வந்து அவள் கையில் வைத்தார்.

"சுலோச்சனா, இது என்ன கலர்?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அவர் கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.