பாறைமேல் அப்பம்

"அவனோட சேரணுமா? செத்தாலும் மாட்டேன்! எந்திரிச்சுப் போங்கய்யா மூணு பேரும்!"

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு யோவேசேர் போட்ட கூச்சலில், எருசலேமின் கீழத்தெருவே எட்டிப் பார்த்தது.

வந்திருந்தவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். சபதம் போட்டவன் அதிலிருந்து விடுபடணும் என்றால், மூன்று பேர் எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கணும். 'இது அப்பவே தெரிஞ்சிருந்தா இந்தச் சபதம் போட்டிருப்பியா?' 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் போதும், சபதம் செல்லாது.

யோவேசேர் போட்டது லேசுப்பட்ட சபதமா என்ன! ராணி கண்ணை மூடிய கையோடு அவள் பிள்ளைகள் இருவரும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். யோவேசேர் பெரியவர் கட்சி. தம்பி மத்தனியா சின்னவர் கட்சி. "இனிமே உன் வீட்டுப் பொருள் எனக்குக் கோயில் காணிக்கை மாதிரிடா, தொடவே மாட்டேன்! ஒரு துணுக்கு என் வாயில படாது!" என்று யோவேசேர் தம்பியைப் பார்த்து நடுத்தெருவில் ஆண்டவர் பேரால் கத்திவிட்டு எரிகோ சண்டைக்குப் போனான். கால் ஒடிந்து திரும்பினான்.

"அட, அரண்மனைக்காரங்களே ராசியாயிட்டாங்கப்பா," என்றார் தச்சர் ஓபேத். "கோயில்ல எல்லார் முன்னாலயும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. வீட்டைக்கூட மாத்திக்கிட்டாங்க. சின்னவர் அரண்மனைக்கு, பெரியவர் தம்பி வீட்டுக்கு."

"அவங்க வீட்டை மாத்திக்குவாங்க. என் காலை எவன்யா மாத்திக் கொடுப்பான்?"

கட்டுப் போட்ட காலைச் சுட்டிக் காட்டினான்.

"ஜெயிச்ச கட்சிக்காரன், அந்தப் பய தின்னு கொழுத்துக்கிட்டு இருப்பான். நான் இருபது நாளா படுத்துக் கிடக்கேன். இருக்கானா செத்தானான்னு எட்டிப் பார்த்தானா?"

"அவன் பொருள் ஆகாதுன்னு சொன்னது நீதானேப்பா?"

"சொன்னா? அப்படியே விட்டுடுவானா? கூடப் பிறந்தவன் இல்ல?" யோவேசேருக்கு மூச்சு வாங்கியது. "எவனோ முகம் தெரியாத ஒருத்தன், தினம் கிணத்தடிப் பாறைமேல அப்பம் வச்சுட்டு, 'இது யாருக்கும் சொந்தமில்ல, வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்'னு சத்தம் கொடுத்துட்டுப் போறானாம். என் பொண்டாட்டிதான் எடுத்துட்டு வரா. அதுலதான் இந்த உசுரு ஓடுது. அவன் மனுஷன்! அவன் செருப்பைத் துடைக்கக்கூட என் தம்பிக்கு யோக்கியதை கிடையாது."

ஓபேத் மற்ற இருவரையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னிக்குப் பாறைமேல ஒண்ணும் இருந்திருக்காதே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்தனியா வீட்டு மாவுப் பானை நேத்தோட காலி. கட்சி ஜெயிச்சு அவனுக்கு என்ன கிடைச்சுது, மண்ணு! தன்னுதுன்னு கொடுத்தா நீ தொடமாட்டே. யாருக்கும் சொந்தமில்லன்னு சொல்லி வச்சா, சபதம் தடுக்காது. அப்படித்தான் இருபது நாளும் வச்சிருக்கான். இப்போ கேட்கிறேன் யோவேசேரு. அவன் இப்படிப்பட்டவன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, இந்தச் சபதம் போட்டிருப்பியா?"

யோவேசேருக்கு முகம் கறுத்துவிட்டது. அடுப்படியில் நின்ற மனைவி அக்சாள் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மறைச்சே? எவன் கையால சாப்பிடறேன்னு கூடத் தெரியாம என்னை உட்கார வச்சிருக்கியே! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அக்சாளுக்கும் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தாள்.

"அவங்க கேள்விக்கு அப்புறமா பதில் சொல்லுங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க. சொல்லியிருந்தா, தின்னிருப்பீங்களா?"