லியாவுக்கு ஒரு பேக்கப்

“அந்த போனை ஆஃப் பண்ணித் தொலைங்களேன். திருநாள் அன்னைக்கும் ஆபீஸ் நெனப்புதானா?” என்றாள் மனைவி மேய்யுன்.

கரி அடுப்பில் இறைச்சி தீய்ந்துகொண்டிருந்தது. லியாவின் கண்ணோ பக்கத்தில் கிடந்த போனை விட்டு நகரவில்லை, முகம் கடுகடுவென்று இருந்தது.

நிலாத் திருநாள் என்றால் தைச்சுங் நகரத் தெருவெல்லாம் இப்படித்தான், வாசலுக்கு வாசல் அடுப்பும் புகையும். எதிர்வீட்டுக்காரர் பம்ப்ளிமாஸ் தோலைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, “லியாவ், ஒரு பீர் போடலாமா?” என்று வந்தார். லியாவ் முறைத்த முறைப்பில் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

“எல்லாம் அந்த டைரக்டர் பண்ற வேலை,” என்று லியாவ் பல்லைக் கடித்தார். “‘உங்களுக்கு ஒரு பேக்கப் வேணும் லியாவ்’னு சொல்றான். இத்தனை வருஷமா அந்த கம்ப்யூட்டர் சர்வரைக் கட்டிக்கிட்டு அழுதவன் நான். எனக்கு பேக்கப்பாம்.”

“நல்லதுதானே. பத்திரமா இன்னொரு காப்பி எடுத்து வைக்கிறதுக்குப் பேருதானே பேக்கப்?”

“அது மெஷினுக்கு. எங்க பர்ச்சேஸ்காரன் அகராதியில பேக்கப்னா ரெண்டாவது சப்ளையர். அவனைக் காட்டியே மொத ஆளை மிரட்டுவான், அப்புறம் மொத ஆளுக்கு டாட்டா காட்டிடுவான். மனுஷனுக்கு பேக்கப் வச்சாலும் அதே கதைதான்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு நீங்கதான் பேக்கப். அதுக்காக உங்களை விட்டுட்டேனா? கடைசியில உங்களைத்தானே கட்டிக்கிட்டேன்.” மேய்யுன் சிரித்தாள்.

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று உறுமினார் லியாவ்.

அவருக்கு பேக்கப்பாக வந்தவள் பெய்சி. சின்னப் பெண், எதைச் சொன்னாலும் “சரிண்ணே” என்பாள், அதுவே அவருக்கு எரிச்சல். “மூணு நாள் லீவுலயும் சர்வரை பெய்சி வீட்லேருந்தே பார்த்துக்கட்டும். எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு ஒரு முடிவுக்கு வருவோம்” என்று டைரக்டர் சொல்லிவிட்டார். என்ன முடிவு என்று லியாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு ஆர்டரெல்லாம் வந்து விழுகிற சர்வர் அது. வாரம் ஒரு தடவை பழைய பதிவுகளைக் கையால் எடுத்து வேறிடத்தில் போடாவிட்டால் டிஸ்க் நிரம்பி அப்படியே நின்றுவிடும். இது லியாவுக்கு மட்டும்தான் தெரியும். பெய்சியிடம் அவர் மூச்சுக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிற்கும். அவள் அலறி அடித்துக்கொண்டு போன் செய்வாள். டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தான் போய் இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு.

லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. பெய்சி ஸ்கூட்டரை ஆபீஸிலேயே விட்டுவிட்டு யாருடைய காரிலோ தொற்றிக்கொண்டு போயிருந்தாள், ஹெல்மெட் அவள் நாற்காலியில் தொங்கியது. அதைப் பார்த்ததுமே லியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கண்ணாடிக் கதவைத் திறந்து சர்வர் அறைக்குள் போனார்.

சர்வர் தலையில் வழக்கம்போல சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இந்தத் தீவில் பொட்டலம் இல்லாத சர்வர் அறை கிடையாது. பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது, ஒருவரும் தின்னக் கூடாது. அப்போதுதான் மெஷின் சமர்த்தாக ஓடும்.

பெய்சி தினமும் அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பாள். லியாவுக்கும் அதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அந்தப் பொட்டலத்தின் புண்ணியத்தில் மெஷின் மூன்று நாளைத் தாண்டிவிட்டால்? அங்கேயே நின்றபடி பிரித்து, கடைசிப் பொரி வரை நறநறவென்று தின்று தீர்த்தார். வயிறெரிச்சல் அப்படி.

ஞாயிறு இருட்டியது. போன் வாயைத் திறக்கவில்லை. திங்களும் போயிற்று, லியாவ் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூப்பிடக்கூட மாட்டாளா, அவ்வளவு திமிரா என்று புழுங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் போனபோது சர்வர் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டரும் பெய்சியும் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

“டிஸ்க் நிரம்பி நிக்கப் போகுதுன்னு பெய்சி சனிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டா. அன்னைக்குப் பூரா ஒத்தை ஆளா உக்காந்து, அடியிலேருந்து நுனி வரைக்கும் பார்த்திருக்கா,” என்றார் டைரக்டர். “இது உங்களுக்குத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல லியாவ். ஏன் சொல்லல?”

டைரக்டர் பெய்சி பக்கம் கையைக் காட்டினார்.

“உங்ககிட்ட இருக்கிற ரூம் சாவியையும் அவகிட்ட குடுத்துடுங்க.”

லியாவ் பையிலிருந்து சாவியை எடுத்தார். கோபம் முழுக்கப் பெய்சியின் மேல் திரும்பியது. “லீவு நாள்ல உன்னை யாரு இங்க வரச் சொன்னா? டிஸ்க்கைப் பாருன்னு எவன் உனக்குச் சொல்லிக் குடுத்தான்?”

“யாரும் சொல்லலண்ணே. ஹெல்மெட்டை எடுக்கத்தான் வந்தேன். எடுத்துக்கிட்டு அப்படியே போயிருப்பேன்.”

இந்தத் தடவை அவள் குரலில் பணிவு இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, சர்வர் மேல் இருந்த புதுப் பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரை நேராகப் பார்த்தாள்.

“கண்ணாடி வழியா பார்த்தேன், பொட்டலத்தைக் காணோம். பயந்துட்டேன்.”