நாலரை மணி நேர ஆட்டம்

"ஒரே ஒரு ஆட்டத்துக்கு என் கிளினிக்கோட ஒரு மாச வாடகை. புல்லு மேல நடக்கறதுக்கு. உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?"

பல் டாக்டரின் குரல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி மிஷினை நிறுத்தினாள். அடுத்தவர் சண்டையை ஒட்டுக்கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மிஷின் ஓடினால் சரியாகக் கேட்காது, அவ்வளவுதான்.

"பேர் போன கோல்ஃப் மைதானம். எங்கெங்கிருந்தோ வந்து ஆடிட்டுப் போறாங்க. டூர் போய்ப் பக்கத்துலயே மூணு நாள் தங்கிட்டு ஆடாம வந்தா நாலு பேர் சிரிப்பாங்க" என்றாள் டாக்டரின் மனைவி.

பள்ளியில் கணக்கு டீச்சர். காய்கறி பில்லையே இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பவள். அவள் செலவு செய்யச் சொல்ல, அவர் வேண்டாம் என்றது தையல்காரிக்குப் புதுசாக இருந்தது.

"காத்து பிச்சுக்கிட்டுப் போகுமாம். அடிக்கிற பந்தெல்லாம் கடலுக்குத்தானாம். மழை வந்தாலும் காசு திரும்பாது."

"மழை வந்தா நனைஞ்சுக்கிட்டே ஆடுங்க."

"அங்கயும் அதே பந்து, அதே குழிதானே?"

"ஒன்பதாவது குழி மைதானத்தோட அந்தக் கோடியில இருக்காம். நடுவுல கழட்டிக்கிட்டு வர முடியாது. பதினெட்டுக் குழியும் முடிச்சு வர நாலரை மணி நேரம்னு போட்டிருக்கான்."

டாக்டர் குரலை இறக்கி, "நீயும் கூடவே நடந்து வருவியா?" என்றார்.

"எனக்கு முட்டி வலி. நான் ரூம்லயே படுத்துக்கறேன்."

"பாதியில எங்கயாவது வந்து நிக்க மாட்டியே?"

"மாட்டேங்க. நிம்மதியா ஆடுங்க."

"அப்ப சரி. போட்டுடு."

அரை மணி நேரம் கத்தியவர் ஒரு நொடியில் அடங்கிவிட்டார். பெண்டாட்டி பார்க்கத் தோற்பதற்கு வெட்கப்படுகிறார் போல, பாவம், என்று நினைத்துக்கொண்டு தையல்காரி மிஷினை மிதித்தாள். டீச்சர் தன் சம்பளப் பணத்திலேயே இடம் பதிவு செய்துவிட்டாள்.

மறுநாள் ஜிப் போன பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு டீச்சர் எதிர்வீட்டுக்கு வந்தாள்.

"மூணு நாளுக்கா டீச்சர் இவ்வளவு பெரிய பெட்டி?"

"மூணு நாளுக்கில்ல அக்கா. நான் திரும்பி வரப்போறதில்ல."

வருகைப் பதிவேட்டைப் படிக்கிற குரலில் மீதியையும் சொன்னாள். வேறு ஊர்ப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. அவர் மைதானத்துக்குப் போனதும் இவள் ரயிலுக்குப் போய்விடுவாள்.

"டாக்டர் என்ன பண்ணினார்? கை நீட்டிட்டாரா? வேற யாராவது..."

"ஒண்ணும் பண்ணல. இருபத்தாறு வருஷமா ஒண்ணுமே பண்ணல. அலுத்துப்போச்சு அக்கா. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது."

"அதுக்கு இங்கேருந்தே போகக் கூடாதா?"

"எப்படிப் போறது? கீழ்த்தளத்துல கிளினிக். ஒரு பல்லைப் பிடுங்கினா ஒரு காபிக்கு மேல வர்றார். ஞாயித்துக்கிழமை கோல்ஃப் கிளப்புக்குப் போனாலும், முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு ஒரு மணி நேரத்துல வந்து நிக்கிறார். நேரா சொன்னா இன்னும் இருபத்தாறு வருஷம் அதையே பேசுவார். பேச எனக்குத் தெம்பில்ல. சேர்ந்தாப்புல நாலரை மணி நேரம் வேணும், அவ்வளவுதான்."

தையல்காரி இருப்பதிலேயே கெட்டியான ஜிப்பாகப் பார்த்துத் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம்.

அடுத்த வாரம் புது ஊரிலிருந்து டீச்சர் போன் செய்தாள். காலை ஏழு மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுத்து அவரை வழியனுப்பினாளாம். தலையணை மேல் கடிதம் வைத்தாளாம். பத்து மணி ரயிலில் ஏறிவிட்டாளாம்.

"படிச்சுட்டு என்ன சொன்னார்?"

"ஒரு போன் கூட இல்ல அக்கா. எங்கே போனேன்னுகூடக் கேக்கல. அவ்வளவு ரோஷம்."

கேட்காததில் டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் போலிருந்தது.

விஷயம் வெளியே வந்ததும், கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் டாக்டருக்காக உச்சுக் கொட்டினார்கள். வெயிலில் ஆடிக் களைத்து வந்த மனுஷன் கதவைத் தட்டினால் உள்ளே ஆளில்லை என்றால் எப்படி இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு விதமாக நடித்துக்கூடக் காட்டினார்கள். மகளுக்கு மட்டும் அம்மா, அப்பா இருவர் மேலும் கோபம். இருவருடனும் பேசுவதில்லை.

டீச்சர் அந்தப் புது ஊரிலேயே இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டுவிட்டாள். டாக்டர் இன்னொரு ஊரில் நண்பரின் கிளினிக்கில் சேர்ந்துவிட்டார். இங்கே அவர்கள் இருந்த வீட்டுக்கு, கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு ஜோடி குடிவந்திருக்கிறது. இப்போதைக்குச் சத்தம் ஏதும் இல்லை.

நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலியை ஏற்றிப்போக டாக்டர் ஒரு தடவை வந்தார். முகம் தெளிந்திருந்தது, இரண்டு சுற்றுப் பருத்தும் இருந்தார். தையல்காரிக்கு நாக்கு அரித்தது. நேராகக் கேட்க முடியாமல், சுற்றிவளைத்து ஆரம்பித்தாள்.

"அந்த மைதானம் அவ்வளவு காசுக்குத் தகுமா டாக்டர்?"

டாக்டர் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்க அதைப் பார்த்தேன்? ஏழரை பஸ்ஸுல ஏறி ஒரேயடியா கிளம்பிட்டேன்; பாவம், சாயங்காலம் வரைக்கும் அவ ரூம்லயே காத்துட்டு இருந்திருப்பா."