பக்கத்து நாற்காலி

"வாயைத் திறம்மா. ஒரே ஒரு வார்த்தை போதும்!"

டீச்சர் கெஞ்சினாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு மேசையை நகத்தால் சுரண்டினாள். ஜெர்மன் வகுப்பு மொத்தமும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்தது.

கேட்டது என்ன, கம்பசூத்திரமா? உங்க பேர் என்ன, எந்த ஊர், என்ன வேலை, அவ்வளவுதான். நேற்று சேர்ந்தவர்கள்கூடத் தப்பும் தவறுமாக உளறிவிடுகிறார்கள். இவள் மட்டும் மூன்றாவது பேட்ச்சாக ஊமைச்சாமி.

டீச்சரும் எதைத்தான் விட்டாள்? பந்தைத் தூக்கிப் போட்டு, பிடித்தவர் பேசணும் என்றாள். நர்ஸ் பிடித்த பந்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர், வாடிக்கையாளர் என்று நடிக்கச் சொன்னாள். நர்ஸ் விரலால் காட்டியே தக்காளி வாங்கிவிட்டாள். டீச்சருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஜோடி சேர்த்துப் பார்த்தால், அது ஒரு கூத்து. முதல் பேட்ச்சில் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த சமையல்காரர் பாஸ். அடுத்ததில் டிரைவர் பாஸ். இப்போது வெல்டர். போன வாரம்வரை திக்கித் திணறிய மனுஷன், இன்றைக்குக் கடகடவென்று பொரிந்து தள்ளினார்.

'ராசிக்காரி! பக்கத்துல உட்கார்றவனுக்கெல்லாம் வருது, இவளுக்கு மட்டும் வரமாட்டேங்குது' என்று டீச்சர் நொந்துகொண்டாள். நாளைக்குப் பேச்சுத் தேர்வு.

வகுப்பை முடித்துப் படியிறங்கினால், வாசலில் நர்ஸின் கணவன். இடுப்பில் மகள்.

"இன்னிக்காவது பேசினாளா மிஸ்? இது மட்டும் பாஸானா போதும், மீதிய அங்கயே சொல்லித் தர்றாங்களாம். ஆஸ்பத்திரி வேலை கையில இருக்கு. அடுத்த மாசமே ஏத்தி விட்டுடலாம்."

"பார்க்கலாம் சார். புத்தகமெல்லாம் எடுத்து வச்சிட்டிருக்கா, வந்துடுவா." டீச்சர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "குட்டி, உன் பேர் என்ன?"

இரண்டு வயது தாண்டியிருக்கும். டீச்சரின் மூக்குக்கண்ணாடியையே வெறித்துப் பார்த்தது.

"சரிதான், அம்மாவுக்கேத்த பொண்ணு!"

கணவன் சிரிக்கவில்லை. டீச்சருக்கு அப்போதுதான் குடை ஞாபகம் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி மறுபடி மாடியேறினாள்.

வகுப்பறையிலிருந்து ஜெர்மன் கேட்டது. மணிமணியான ஜெர்மன். பாட ஆடியோவை நிறுத்தாமல் வந்துவிட்டோமோ என்று எட்டிப் பார்த்தாள்.

"அவசரப்படாதீங்கண்ணே. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க." வெல்டருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

டீச்சரைக் கண்டதும் வெல்டர் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

"அடிப்பாவி! இவ்வளவு பேசுறியே! என் தொண்டைத்தண்ணி வத்துனது உன் கண்ணுல படலையா? எதுக்கும்மா இந்த நடிப்பு?"

நர்ஸ் அழுதுவிட்டாள். "நாளைக்கு என்னை ஃபெயில் பண்ணிடுங்க மிஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பப் போகலன்னு வீட்ல எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். யாரும் காதுல போட்டுக்கல."

"போனாதான் என்ன? நாலு காசு சேர்ந்தா உன் பொண்ணுக்குத்தானே நல்லது?"

நர்ஸ் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தாள்.

"அவ இன்னும் ஒரு தடவைகூட என்னை அம்மான்னு கூப்பிடல மிஸ்."