கணினி கேட்ட கேள்விகள்

நெல்லியடி மாலைநேரத் திரைப்பட வகுப்பில் நாங்கள் எடுக்கும் விண்வெளிப் படத்துக்கு ஜெனிற்றாதான் இயக்குநர். நடிகன் நான். எனக்கு நடிப்பு வராது என்பதை அவளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"நீர் நடிக்கத் தேவையில்லை, கிளமென்ற். அறையே நடிக்கும்," என்றாள்.

வெள்ளை ரெஜிபோம் அட்டைகளால் செய்த விண்கலக் கூரையைத் தலையில் முட்டுமளவுக்கு இறக்கியிருந்தாள். என் கதிரை தாழ்வு. கணினித் திரை உயரத்தில். உச்சியில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு. இடுப்பைச் சுற்றிப் பட்டி.

"திரை மேலையிருந்து பாத்தால் நீர் சின்னனாத் தெரிவீர். தப்ப வழியில்லை எண்டு பாக்கிற சனத்துக்கு விளங்கும். கணினி கேக்கிற கேள்விக்கு நீர் உம்மைப் பற்றி உண்மையைச் சொல்லோணும். பிழை விட்டால் நாளைக்கு வேறை ஆள்."

அவளைப் பார்க்கவே வகுப்புக்கு வருகிறவன் நான். வியர்த்துக் கொட்டியது.

நீலத்தாள் ஒட்டிய திரையிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"பயணி, வயது?"

"இருபத்தெட்டு."

"குடிப்பீரோ?"

"கிறிஸ்மஸுக்கும் இல்லை."

"தங்கச்சிமார்?"

"ஒருத்தரும் இல்லை."

"கோபம் வருமோ?"

"வரும். ஆனால் வாய் திறக்கமாட்டன்."

கணினி சிரித்தது. வசனத்தாளில் சிரிப்பு இல்லை.

ஜெனிற்றா நீலத்தாளை உரித்தாள். திரையில், கம்பளிச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை வினிபிரட் மாமி, கனடாவிலை இருக்கிறா. எங்கடை வீட்டிலை கலியாணம் எண்டால் முதல் இவ ஓம் எண்டோணும்."

"பெடியன் பயந்தாங்கொள்ளி," என்றார் மாமி. "ஆனால் பொய் சொல்லேல்லை. ஜெனிற்றா, உன்ரை அப்பாவோடை நான் கதைக்கிறன்."

நான் கமராவைத் திரும்பிப் பார்த்தேன். அதன் மூடி கழற்றப்படவே இல்லை.

"மாமி ஓம் எண்டிட்டா," என்றாள் ஜெனிற்றா. "உமக்கு ஓமோ?"