மாற்றிப் போட்ட வீடியோ

வீட்டில் ஒல்லி என்று கூப்பிடுவீர்களே, அவன்தான் எழுதுகிறேன். வயது இருபத்து மூன்று. இருப்பது ஜூடோ பள்ளியின் மாடி அறையில். இந்த மாதம் பத்துப் பேராவது புதிதாகச் சேராவிட்டால் பள்ளியை மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலை. விளம்பர வேலை என்னுடையது.

தான் என்னைத் தூக்கிப் போடும் வீடியோவை இணையத்தில் ஏற்றச் சொன்னார் மாஸ்டர். அவசரத்தில், நான் தனியாக விழுந்து பழகிய வீடியோவை ஏற்றிவிட்டேன். அதில் எட்டுத் தடவை விழுகிறேன். மாஸ்டர் தலையே தெரியவில்லை.

"விளம்பரம் பள்ளிக்கா, உனக்கா?" என்று கேட்டார் மாஸ்டர். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் கைத்தடியோடு ஒரு பெரியவர் வாசலில் நின்றார். பின்னால் அவர் வயதிலேயே ஒரு கூட்டம். தொம் தொம் என்று சத்தம் கேட்கிறதென்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் போல.

"விழுந்து விழுந்து எழுந்தது நீதானே தம்பி?"

"ஆமாங்கய்யா. மாத்திப் போட்டுட்டேன். இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்காதே. என் வீட்டுக்காரி குளியலறையில விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கா. எங்களுக்கு யாரையும் தூக்கிப் போட வேண்டாம்பா. எலும்பு உடையாம விழக் கத்துக்கொடு, போதும். பதினோரு பேர் வந்திருக்கோம்."

மாஸ்டர் என் தோளைத் தட்டி, "காலை வகுப்பு இனிமே உன்னோடது" என்றார். அவருக்கும் அந்தப் பெரியவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: நான் வந்து சொல்லிக்கொடுக்கும்வரை ஈரத் தரையில் மெதுவாக நடக்கட்டும்.